கேட்டு வாங்கிய புல்காரோ

ஒதீலியாவிடம் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கே வலிக்கவில்லை என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்வாள். விடிவதற்கு முன்பே, சோள ரொட்டி சுட்டு விற்கும் தொர்த்தியா கடைக்குப் போய், சோள மாவு இயந்திரத்தின் அனலில் நின்றாளானால் மதியம் தாண்டித்தான் உட்காருவாள். கடையை விட்டால் மேட்டின் படிகள். படி ஏறி வீட்டுக்கு வந்தால் தண்ணீர் லாரி. எங்கள் இஸ்தபலாபா மேட்டில் லாரி வரும் நேரத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். வந்த பிறகு, ஐயோ வந்துவிட்டதே என்று ஓடத்தான் முடியும். புருஷன் ஃபெர்மின் தூரத்தில், கேரேத்தரோ நகரத்தில் கட்டட வேலையில் இருந்தான். வந்தால் ஞாயிற்றுக்கிழமை வருவான், வந்ததும் தூங்குவான், எழுந்ததும் பஸ் ஏறுவான். தான் கல்யாணமானவளா தனிக்கட்டையா என்று ஒதீலியாவுக்கே சில சமயம் சந்தேகம் வந்துவிடும்.

இந்தப் பாடுகளுக்கு நடுவில்தான் மகள் நோயெமிக்கு வயிற்று வலி வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. நெஞ்சுக்குழிக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு, சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மிளகாய்த்தூள் போடாமல் மாங்காயைத் தொடாத பிள்ளை, மாங்காயையே மறந்துபோனது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, இரைப்பையில் ஒரு கிருமி குடியேறியிருக்கிறது, புண்ணாக்க ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். இந்த மேட்டில் பாதிப் பேர் வயிற்றில் அது இருக்கும், பலருக்குத் தொந்தரவே தெரியாது, உங்கள் பிள்ளையை மட்டும் படுத்துகிறது என்றார் டாக்டர் பெரால்தா. சின்ன வயதுப் பெண். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். அவரைப் பார்த்தபோது ஒதீலியாவுக்கு, நம்மைப் போலத் தூக்கமில்லாத இன்னொரு ஆள் துணைக்கு இருக்கிறது என்று தோன்றியது.

இரண்டு வாரத்துக்கு மருந்து கொடுத்தார்கள், காலையும் மாலையும். முதல் சில நாளிலேயே பிள்ளைக்கு வயிறு போக ஆரம்பித்தது.

"வாய்க்குள்ள பழைய சாவியை வச்ச மாதிரி இருக்கும்மா" என்று நோயெமி அழுதாள்.

பக்கத்து வீட்டுத் தோமாசா அப்போதுதான் உள்ளே வந்தாள். நோயெமியை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் அவள். அதனால் அவளும் ஒதீலியாவும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை; கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவளோடு சண்டை போடலாம், கொமாத்ரேயோடு போடக்கூடாது.

"நிறுத்து கொமாத்ரே அந்த விஷத்தை" என்றாள் தோமாசா. "பிள்ளை வயிறு என்ன வாளியா, கண்டதையும் ஊத்திக் கழுவ? நம்ம புல்காரோ இருக்கில்ல. அது உள்ள போய் அந்தப் பூச்சியத் தின்னு ஏப்பம் விட்டுட்டு வரும்."

புல்காரோ என்றால் பல்கேரியாக்காரன் என்று அர்த்தம். ஏன் அந்தப் பெயர் என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் பல்கேரியாவைக் கண்டவர் யாரும் இல்லை. உதிர்த்த காலிஃபிளவர் மாதிரி வெள்ளை வெள்ளையாய்ச் சின்ன உருண்டைகள். பாலில் போட்டு வைத்தால் மறுநாள் பால் புளித்துக் கெட்டியாகிவிடும். வடிகட்டிக் குடித்துவிட்டு உருண்டைகளை அடுத்த பாலில் போட வேண்டும். அது பெருகிக்கொண்டே போகும், வீட்டில் இன்னொரு வாய் மாதிரி தினமும் பால் கேட்கும். தெருவில் புல்காரோ வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அது தோமாசாவிடமிருந்து வந்ததுதான். கூடவே அவளுடைய சட்டங்களும் வந்தன. புல்காரோவை விற்கக் கூடாது. விலைக்கு வாங்கக் கூடாது. வாய் விட்டுக் கேட்கவும் கூடாது. கேட்டு வாங்கியது பாலில் பிடிக்காது, பால் உறையாது. கொடுக்கிறவளுக்குத் தானாக மனசு வர வேண்டும். பெருகினால் பிரித்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டுமே தவிர சாக்கடையில் கொட்டக் கூடாது, அது கொடுத்தவள் முகத்தில் கொட்டுவதற்குச் சமம்.

ஒதீலியா மருந்தை நிறுத்தினாள். தோமாசா தானாகக் கொண்டு வந்து தந்த புல்காரோவைப் போட்டு, புளித்த பாலை மட்டும் கொடுத்தாள். வயிறு போவது நின்றது, வாய்க் கசப்பு போனது, பிள்ளை சிரித்தது. தொர்த்தியா கடை வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி மகிழ்ந்தாள். உண்மையில் அவளுக்குப் பெரிய நிம்மதி எது தெரியுமா? காலையும் மாலையும் பிள்ளையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பதுதான். களைத்துப்போனவளுக்கு, செய்யாதே என்று சொல்லும் அறிவுரை தேனாக இனிக்கும்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. நோயெமி பெஞ்சில் மடங்கிக் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. ஒதீலியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள். அந்த வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏற முடியாதுதான், ஆனால் கனமே இல்லை. கனமே இல்லை என்பதுதான் அவளைப் பைத்தியமாக்கியது. பிள்ளையைக் கட்டிலில் போட்டுவிட்டு நேரே சமையலறைக்குப் போனாள். புல்காரோ ஜாடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தோமாசா தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் வாசலுக்கு முன்னாலேயே சாக்கடையில் கவிழ்த்தாள்.

"பூச்சியத் தின்னுட்டு வரும்னீங்களே, இதோ போகுது பாருங்க" என்றாள்.

தோமாசா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தெரு முழுக்கப் பார்த்தது. அன்றிலிருந்து தொர்த்தியா வரிசையில் பெண்கள் ஒதீலியாவிடம் மாவைப் பற்றிப் பேசினார்களே தவிர வேறு எதையும் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெரால்தா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"பாதியில நிறுத்தினீங்களா?"

"ஆமா டாக்டர்."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"நான்தான். நானேதான்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "பாதி அடி வாங்கின கிருமி திருந்தாதும்மா. இன்னும் முரண்டு பிடிக்கும். இந்தத் தடவை வேற மருந்து தர்றேன், முன்னதைவிடக் கடுமை. இதையும் நடுவுல விட்டீங்கன்னா, அடுத்து என் கையில கொடுக்கறதுக்கு அதிகமா எதுவும் இருக்காது. புரியுதா?"

"புரியுது. ஆனா வயிறு போகுமே டாக்டர். அதைப் பாத்துட்டு என்னால இருக்க முடியல."

"போகும். இந்த மருந்துக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு பார்க்கத் தெரியாது. குடல்ல இருக்கற நல்லதையும் சேர்த்து அடிக்கும். அதுக்குத் துணையா ஒரு பொடி உண்டு, ஆனா நம்ம மருந்தகத்துல ரொம்ப நாளா இருப்பு இல்ல." கொஞ்சம் யோசித்தார். "உங்க மேட்டுலதான் வீட்டுக்கு வீடு புல்காரோ வச்சிருப்பீங்களே. கொதிச்சு ஆறின பால்ல, சுத்தமான ஜாடியில போட்டது இருந்தா அதைக் கொடுங்க."

ஒதீலியா சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வந்தது. டாக்டர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"நல்லா கேட்டுக்கோங்க" என்றார் டாக்டர், அவள் அடங்கியதும். "கிருமிய அது கொல்லாது. மருந்துதான் கொல்லும். வயித்தத் தாங்கிப் பிடிச்சு, மருந்தை முழுசா முடிக்கறதுக்குப் பிள்ளைக்கு உதவும், அவ்வளவுதான் அதோட வேலை. ரெண்டையும் ஒண்ணாக் கொடுக்காதீங்க. நடுவுல ரெண்டு மணி நேரம் விடுங்க."

மருந்து தொடங்கியது. ஒதீலியா வாரச் சந்தையில் ஒருவனிடம், தோமாசாவின் சட்டத்தை மீறி, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த புல்காரோவை வாங்கி வந்தாள். மறுநாள் ஜாடியிலிருந்து ஈரத் துணி நாற்றம் அடித்தது. கொட்டிவிட்டாள். அதற்குள் நோயெமிக்கு வயிறு போக ஆரம்பித்துவிட்டது. பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸிலிருந்து திரும்பி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் ஒதீலியாவுக்கு ஒரே பயம்தான். கிருமியைப் பற்றிய பயம்கூட இல்லை. தன்னைப் பற்றிய பயம். இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் தான் மருந்தை நிறுத்திவிடுவோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

கடை விட்டு வந்த மதியம், வீட்டுக்குப் போகாமல் தோமாசாவின் வாசலில் போய் நின்றாள். தோமாசா முக்காலியில் உட்கார்ந்து, சமையலுக்கு நோப்பால் கள்ளியின் முள்ளைச் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வெயில் கொல்லுது, தோன்யா தோமாசா" என்றாள் ஒதீலியா. கொமாத்ரே என்று சொல்ல வாய் வராமல், அயலாரைக் கூப்பிடும் மரியாதைச் சொல்லைப் போட்டாள்.

"தோன்யாவா? அடேயப்பா. எனக்கு எப்போ இந்தப் பட்டமெல்லாம் கொடுத்தாங்க?"

ஒதீலியா படியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தோமாசா உட்காரச் சொல்லவில்லை. "பால் இப்பல்லாம் சீக்கிரம் கெட்டுப்போகுது" என்றாள்.

"கெட்டா கொட்டு. உனக்குத்தான் நல்லா கொட்டத் தெரியுமே. நான் தெருவுக்கெல்லாம் புல்காரோ கொடுத்தேன், சாக்கடைக்கு மட்டும்தான் கொடுக்காம விட்டிருந்தேன். அந்தக் குறையும் தீந்துச்சு. எலியெல்லாம் வயிறு சுத்தமா, நல்லா ஓடியாடுது."

அந்த ஏச்சை ஒதீலியா வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள். கேட்கக் கூடாது, கேட்காமல் தோமாசா தானாகவே எழுந்து உள்ளே போய் ஜாடியைக் கொண்டு வர வேண்டும். அதுவரை எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"உங்க ஞானப்பிள்ளைக்கு மறுபடியும் வயிறு போகுது."

கத்தி நின்றது. "மருந்து?"

"கொடுத்துட்டுத்தான் இருக்கேன். டாக்டரு புல்காரோவும் நல்லதுன்னாங்க. மருந்துக்குத் துணைக்கு. மருந்துக்குப் பதிலா இல்ல."

"டாக்டரம்மாவே சொன்னாங்களா?" தோமாசாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பார்த்தாயா என்று சொல்ல வாய் திறந்தவள், சொல்லாமல் மூடிக்கொண்டாள். பிறகு அடுத்த கள்ளியை எடுத்துச் சீவினாள். எழுந்திரேன், எழுந்திரேன் என்று ஒதீலியா மனசுக்குள் கெஞ்சினாள்.

"என்கிட்ட இல்ல" என்றாள் தோமாசா.

ஒதீலியா எழுந்தாள். "சரி. இல்லன்னா இல்லதான். எனக்கு வேணும் இது."

"உட்காருடி! நெஜமாவே இல்ல. நீ கவுத்துட்டுப் போன அன்னிலேருந்து நான் ஜாடியத் தொடல. பாலு மாத்தல. காஞ்சு, பூத்து, செத்துப் போச்சு. வேணும்னா உள்ள போய்ப் பாரு." தோமாசா கத்தியைக் கீழே வைத்தாள். "நிறுத்துன்னு சொன்னது நான். பிள்ளைய நீ தூக்கிட்டு வந்தப்போ என் வாசலத் தாண்டித்தானே வந்த. அந்தக் கால் ரெண்டும் தொங்கினத நானும்தான் பார்த்தேன். அதுக்கப்புறம் புல்காரோ வளர்த்து நான் யாருக்குக் கொடுக்க?"

மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. ஒதீலியாவுக்கு அதற்குத் தெம்பும் இல்லை. எழுந்து வீட்டுக்குப் போய், மாலை மருந்தைக் கொடுத்தாள். பிள்ளை அதில் பாதியை வாந்தி எடுத்தது.

மறுநாள் தொர்த்தியா வரிசையில் ஒரே சிரிப்பு.

"தோமாசா கெழவிக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள் ஒருத்தி. "காலையிலேருந்து வீடு வீடா ஏறி எறங்குது. எங்க வீட்டுக்கும் வந்து, 'புல்காரோ இருந்தா கொடு'ன்னு கேட்டுச்சு. வாய் விட்டுக் கேட்டுச்சுங்கறேன்!"

"நீ என்ன சொன்ன?"

"என்கிட்ட ஏது? எப்பவோ செத்துப் போச்சு. ஆனா நான் விடுவேனா? 'கேட்டா பிடிக்காதே தோன்யா'ன்னேன். 'உன் வேலையப் பாருடி'ன்னுட்டுப் போயிடுச்சு."

ஒதீலியா இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. அனல் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

மதியம் அவள் படி ஏறும்போது மேலிருந்து தோமாசா இறங்கி வந்தாள். முட்டி வீங்கிய காலை ஒவ்வொரு படியாக வைத்து, ஒரு சின்ன ஜாடியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தாள். மேட்டின் உச்சிவரை போயிருக்கிறாள். தோமாசாவிடம் வாங்கியவளிடம் வாங்கிய ஒருத்தி, கடைசி வீட்டில், இன்னும் வைத்திருந்தாள்.

"இந்தா" என்று மூச்சு வாங்கினாள் தோமாசா. "கேட்டுத்தான் வாங்கினேன். கெஞ்சிக் கேட்டேன்னே வச்சுக்கோ. கேட்டது பிடிக்காதுன்னு நான்தான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். பிடிக்காமப் போகட்டும், அப்புறம் இருக்கு அதுக்கு."

அன்றே பாலைப் பொங்கக் காய்ச்சி, ஆறவைத்து, ஜாடியைக் கொதி நீரில் கழுவி, உருண்டைகளைப் போட்டுத் துணி கட்டி வைத்தார்கள். மறுநாள் கடைக்குக் கிளம்பும்போது ஒதீலியா ஜாடியைச் சாய்த்துப் பார்த்தாள். கெட்டியாக, மெதுவாக நகர்ந்தது. மோந்து பார்த்தாள். சுத்தமான புளிப்பு.

"பிடிச்சிடுச்சு கொமாத்ரே!" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கத்தினாள்.

"கத்தாத" என்று அங்கிருந்து குரல் வந்தது. "நான் சட்டத்த மாத்தினது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம்."

அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. வயிறு போவது குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. பிள்ளை ஒரு நாள் சாப்பிட்டாள், ஒரு நாள் தட்டைத் தள்ளினாள். பழைய சாவி வாயிலேயே இருந்தது. ஒதீலியா மருந்து கொடுத்தாள், மணி பார்த்தாள், வடிகட்டினாள், கழுவினாள், காய்ச்சினாள், கடைக்குப் போனாள், லாரிக்கு ஓடினாள். இரண்டாவது வாரத்தில் ஒருநாள், கூட வேலை செய்பவள் வராததால் இரண்டு பேர் வேலையையும் தானே பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். நோயெமி கட்டிலின் மூலையில் சுருண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இன்னிக்கு மட்டும் வேண்டாம்மா. ஒரே ஒரு நாள்."

ஒதீலியா மருந்தையும் பிள்ளையையும் பார்த்தாள். மருந்தைக் கீழே வைத்தாள். "சரி, விடு" என்றாள். அந்தச் சொல் எவ்வளவு சுகமாக இருந்தது! உடம்பு முழுவதும் இறங்கி ஓய்வெடுத்தது.

"என்னது, விடறதா?" என்று வாசலில் தோமாசாவின் குரல் கேட்டது. உப்பு பிஸ்கட் பொட்டலத்தோடு வந்திருந்தவள் அதைக் கட்டிலில் எறிந்துவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இங்க பாரு கழுத. ஒரு தடவ என் பேச்சக் கேட்டு உங்கம்மா விட்டா. நான் சொன்னது தப்பு. தப்புன்னா தப்புதான், உன் ஞானத்தாய்க்கு அறிவு கம்மி. அந்தத் தப்ப இன்னொரு தடவ இந்த வீட்டுல நடக்க விட மாட்டேன். வாயத் திற."

"கசக்குது."

"கசக்கட்டும். முழுங்கிட்டு என்னைத் திட்டு. எவ்வளவு கெட்ட வார்த்த தெரியுமோ அவ்வளவும் சொல்லு. உங்கம்மா காதுல விழாது."

நோயெமி சந்தேகமாக அம்மாவைப் பார்த்தாள். பிறகு விழுங்கினாள். விழுங்கியதும் தோமாசாவின் காதில் எதையோ சொன்னாள். தோமாசா கண்ணை அகல விரித்து, "அடிப்பாவி, இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்றாள். பிள்ளை சிரித்தது.

"புல்காரோ?" என்று எழப்போனாள் ஒதீலியா.

"ரெண்டு மணி நேரம் கழிச்சு. நானே கொடுக்கறேன். நீ போய்ப் படு."

"பாத்திரம் கெடக்கு..."

"கெடக்கட்டும். போய்ப் படுடி."

ஒதீலியா செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தாள். மீதி நாட்களிலும் மாலை மருந்து தோமாசாவின் பொறுப்பாயிற்று. மருந்து முழுதாக முடிந்தது, கடைசி மாத்திரை வரை.

ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கச் சொல்லி, பிறகு பிள்ளையை ஒரு பைக்குள் மூச்சை ஊதவிட்டுப் பரிசோதித்தார்கள். முடிவு சொல்லும் நாளில் மூன்று பேரும் போனார்கள். ஒதீலியா கடையில் சண்டை போட்டு விடுப்பு வாங்கியிருந்தாள். டாக்டர் பெரால்தா தாளைப் பார்த்தார், நோயெமியைப் பார்த்தார்.

"போயிடுச்சு" என்றார். "கிருமி இல்ல."

தோமாசா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். நோயெமி, மிளகாய்த்தூள் போட்ட மாங்காய் சாப்பிடலாமா என்று கேட்டாள். மெதுவாக ஆரம்பிக்கலாம், முதல் நாளே கிலோக் கணக்கில் வேண்டாம் என்றார் டாக்டர். ஒதீலியா மட்டும் நாற்காலியின் நுனியில், அடுத்த வேலைக்குத் தயாராக, பையை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ இனிமே நான் என்ன செய்யணும் டாக்டர்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அவளுக்கு விளங்கவில்லை. "மருந்து ஏதாவது?"

"வேண்டாம்."

"பால் காய்ச்சி... மணி பார்த்து..."

"பிள்ளைக்குப் பிடிச்சா குடிக்கட்டும், இல்லன்னா வேண்டாம். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. வீட்டுக்குப் போங்க."

ஒதீலியா எழுந்து வெளியே வந்தாள். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, பையில் முகத்தை வைத்துக்கொண்டு, சுற்றி நின்றவர்கள் பார்க்க, விக்கி விக்கி அழுதாள். மகள் பிழைத்ததற்கான அழுகை அதில் பாதிதான். மீதிப் பாதி, அந்த மூன்று சொல்லுக்கு. அவள் பிறந்ததிலிருந்து ஒன்றும் செய்ய வேண்டாம் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

நோயெமி பயந்துபோய் அம்மாவின் தோளைத் தொடப் போனாள். தோமாசா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"விடு. கொஞ்ச நேரம் சும்மா உட்காரட்டும்" என்றாள்.